அத்தியாயம் 6: தன் பேரைக் கொடுக்கும் நண்பர்

சிநேகிதருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு கிடையாது என்று இயேசு சொன்னது யோவான் சுவிசேஷம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காலண்டர்களில் அச்சாகிற வசனம். அதைக் கேட்டதும் மாக்சிமிலியன் கோல்பே போன்றவர்கள் நினைவுக்கு வருவார்கள். 1941-இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பட்டினி போட்டுக் கொல்ல 10 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கயோவ்னிசெக், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். குருவானவர் கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருடைய இடத்தைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 14 அன்று கோல்பே கொல்லப்பட்டார். கயோவ்னிசெக் 1995 வரை உயிரோடு இருந்தார். 1982-இல் கோல்பேவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த விழாவில் அவரும் கலந்துகொண்டார்.

இப்படி ஒருவரை நினைத்துத் தலைவணங்கலாம். ஆனால் அந்த வசனத்துக்குப் பின்னால் நாம் வசதியாக ஒளிந்துகொள்ளவும் முடிகிறது. உயிரை யாரும் நம்மிடம் கேட்கப்போவதில்லை என்பது தெரிந்தே "உனக்காக உயிரையும் கொடுப்பேன்" என்று சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டு, அதே நண்பர் ஒரு மத்தியானப் பொழுதைக் கேட்டால் வேலை இருக்கிறது என்கிறோம். நம்மிடம் உண்மையில் கேட்கப்படுகிறவை நேரம், பந்தியில் ஓர் இடம், கொஞ்சம் பணம், நண்பருடைய குற்றங்குறைகளைக் கேட்டும் முகம் சுளிக்காத காது. இவற்றைவிடக் கொடுக்கக் கடினமான ஒன்றும் இருக்கிறது: ஊரிலும் சபையிலும் நமக்கு இருக்கிற நல்ல பேர். இந்த அத்தியாயத்தில் அதைத்தான் பேசப்போகிறோம்.

அதற்கு முன், இயேசு அந்த வார்த்தையைச் சொன்ன இரவை ஒருமுறை பாருங்கள். சில மணி நேரத்தில் பேதுரு "அவரை எனக்குத் தெரியாது" என்று சொல்லப்போகிறான். மற்றவர்கள் ஓடப்போகிறார்கள். அது தெரிந்தே அவர்களைச் சிநேகிதர் என்கிறார். வேலைக்காரனிடம் எஜமான் எல்லாவற்றையும் சொல்வதில்லை, நான் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்று காரணமும் சொல்கிறார். கிறிஸ்தவ நட்பின் ஆரம்பம் இங்கேதான். தகுதி பார்த்துக் கொடுக்கிற பரிசாக அவர் நட்பைக் கொடுக்கவில்லை. முதலில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்; அவர்கள் அந்த இடத்துக்கு வளர்ந்தது பிறகு.

பர்னபா செய்தது

வேதாகமத்தில் நட்பு என்றதும் எல்லோரும் தாவீதையும் யோனத்தானையும் எடுப்பார்கள். நாமும் எடுப்போம், கடைசியில். அன்றாட வாழ்க்கைக்குப் பாடம் படிக்க எனக்குத் தெரிந்து பர்னபாவைவிடச் சிறந்த ஆள் இல்லை.

அவருடைய சொந்தப் பேர் யோசே. சீப்புரு தீவில் பிறந்த லேவியர். நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர். பர்னபா என்பது அப்போஸ்தலர்கள் அவருக்கு வைத்த பேர். எருசலேம் சபையில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்கிற அளவுக்கு மதிப்பு இருந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சவுல் எருசலேமுக்கு வருகிறார், தானும் சீஷன் என்று சொல்லிக்கொண்டு. ஒருவரும் நம்பவில்லை.

சபையின் பயம் நியாயமானது, இதை மறந்துவிடக் கூடாது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழற்றி வைத்தது இந்தச் சவுலின் காலடியில்தான். வீடு வீடாகப் புகுந்து ஆணையும் பெண்ணையும் இழுத்துச் சிறையில் போட்ட ஆள். அப்படிப்பட்டவர் கதவைத் தட்டினால் திறப்பது வீரமா முட்டாள்தனமா என்று யாருக்குத் தெரியும்? உளவு பார்க்க வந்திருந்தால்?

பர்னபா அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். நிலத்தை விற்றபோது போனது பணம். இப்போது அவர் பணயம் வைத்தது சபை தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை. சவுல் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் பர்னபாவின் வார்த்தைக்கு அதன் பிறகு எருசலேமில் மதிப்பே இருந்திருக்காது.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தை எடுத்து, அங்கே பர்னபா என்ன பேசினார் என்று பாருங்கள். "நல்ல மனுஷன், என் முகத்துக்காக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சவில்லை. சவுல் வழியில் கர்த்தரைக் கண்டதையும், கர்த்தர் அவரோடு பேசியதையும், தமஸ்குவில் அவர் துணிந்து பிரசங்கித்ததையும் சொன்னார். நடந்த விஷயங்கள் மட்டும். பயந்தவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று கடிந்துகொண்டதாகவும் எழுதப்படவில்லை. அவர்கள் பயத்துக்கு ஒரு பதில் கொடுத்தார், அவ்வளவுதான்.

நீங்கள் செய்யும்போது

உங்கள் சபையிலும் கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் உண்டு. தண்டனை முடிந்து வெளியே வந்தவர், குடியை விட்டுச் சில மாதம் ஆனவர், கணவனைப் பிரிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண், கடனில் விழுந்து ஊர்முழுக்கப் பேர் கெட்டவர். அவர்களுக்காக நீங்கள் வாய் திறக்கும்போது பர்னபாவின் முறையைப் பின்பற்றுங்கள். கூடவே போங்கள், "நான் சொன்னதாகச் சொல்லு" என்று அனுப்பிவைக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஆயரிடமோ வேலை கொடுக்கிறவரிடமோ பேசும்போது இப்படிப் பேசலாம்:

"ஐயா, இவரு மூணு மாசமா எங்க கடையில இருக்காரு. கல்லா இவர் பொறுப்புலதான் இருக்கு. ஒருநாளும் கணக்குத் தப்பினதில்லை. அதுக்கு முன்னால எப்படின்னு எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முழுதாகப் புகழ்ந்து தள்ளுகிற சிபாரிசை யாரும் நம்புவதில்லை. எல்லை போட்டுச் சொன்னால் நம்புவார்கள்.

பணத்துக்கு ஷ்யூரிட்டி கையெழுத்துப் போடுவது வேறு விஷயம். நீதிமொழிகள் இதில் கண்டிப்பாக இருக்கிறது: 6, 17, 22-ஆம் அதிகாரங்களில் அடுத்தவன் கடனுக்குப் பிணைப்படாதே என்று எச்சரிக்கிறது. படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறது. ஆனால் பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட அதே சவுல் பிலேமோனுக்கு எழுதும்போது, ஓடிப்போன அடிமையான ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி கேட்டு, தானே செலுத்துவதாகத் தன் கையால் எழுதிக் கொடுக்கிறார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பவுல், தான் செலுத்தத் தயாராக இருந்ததற்குக் கையெழுத்திட்டார். வங்கி கேட்டால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் கைவைக்காமல் கட்ட முடிகிற தொகைக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாமல் ஒருபோதும் போடாதீர்கள். கைமாற்றாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் நட்பு கெடாத அளவுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அது கேட்ட தொகையைவிடக் குறைவாக இருக்கும். குறையாகக் கொடுத்து நண்பராக இருப்பது, முழுதாகக் கொடுத்துக் கடன்காரராக மாறுவதைவிட மேல்.

பவுல் இதை யாரிடம் கற்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருகாலத்தில் எருசலேமில் தனக்காக ஒருவர் பேர் கொடுத்ததை அவர் மறந்திருக்க மாட்டார்.

இன்னொரு எல்லையும் உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவர் பிள்ளைகளிடமோ பெண்களிடமோ அத்துமீறியிருந்தால், அவர் எத்தனை வருட நண்பரானாலும் அவருக்காகப் பேர் கொடுக்காதீர்கள். "மன்னிச்சு விட்டுடும்மா, சபைக்குப் பேர் கெட்டுடும்" என்று பாதிக்கப்பட்டவரிடம் தூது போகாதீர்கள். அந்த நண்பருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, காவல் நிலையம் வரைக்கும் கூட நடந்து போவதுதான். பிறகு சிறையில் போய்ப் பாருங்கள், அது கடமை. ஆனால் உண்மையை மூடுவதற்கு நட்பைத் துணியாக்காதீர்கள்.

ஒரு தமிழரின் வேண்டுகோள்

பேர் கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்துக்கெல்லாம் நன்றி சொன்னார். உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள் என்றார். ஆனால் கூட வேலை செய்கிற இந்தியரைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிட உங்களுக்கு மனம் வரவில்லையே என்பதையும் மறைக்காமல் சொல்லி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அசரியாவைப் பேராயராக்க வேண்டும் என்று அப்போது சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் நின்றார். மிஷனரிகளுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ஒயிட்ஹெட் பின்வாங்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். ஒயிட்ஹெட்டுக்குப் பதவி ஏற்கெனவே இருந்தது. அதன் செல்வாக்கைத் தனக்குக் கீழே இருந்த ஒருவரைத் தன் அளவுக்கு உயர்த்தச் செலவழித்தார்.

நம் அசன விருந்துகளில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று அடுத்தமுறை பாருங்கள். அசரியா கேட்டது வெள்ளைக்காரரிடம் மட்டும் கேட்ட கேள்வி இல்லை என்பது விளங்கும்.

தேடிப் போவது

சவுலை அப்போஸ்தலரிடம் சேர்த்ததோடு பர்னபா நிற்கவில்லை. எருசலேமில் சவுலுக்குக் கொலை மிரட்டல் வந்ததும், சகோதரர்கள் அவரைச் சொந்த ஊரான தர்சுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு நடபடிகளில் கொஞ்சகாலம் அவர் பேரே இல்லை. அந்தியோகியாவில் சபை பெருகியபோது பர்னபா அங்கே அனுப்பப்பட்டார். வேலை நன்றாக நடந்தது. தனியாகவே தலைவராக இருந்திருக்கலாம். அவர் தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். இருவரும் ஒரு வருடம் முழுக்க அங்கே போதித்தார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதலில் வந்தது அந்த ஊரில்தான்.

பவுல் ரோமாபுரியில் விலங்கிடப்பட்டுக் கிடந்தபோது எபேசுவைச் சேர்ந்த ஒநேசிப்போரு தேடி அலைந்து அவரைக் கண்டுபிடித்தார். அவர் என் சங்கிலியைக் குறித்து வெட்கப்படவில்லை என்று பவுல் தீமோத்தேயுவுக்கு நன்றியோடு எழுதுகிறார். கைதியோடு பழக்கம் என்றால் சந்தேகம் நம்மேலும் விழும். அங்கேயும் பேர்தான் பணயம்.

கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரைப் பார்க்கப் போனால் "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும். உட்காருங்கள், காபி குடியுங்கள், அவர் வீட்டுப் பேச்சைப் பேசுங்கள். இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ அவரே சொல்வார்.

ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போகும்போது யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரையும் நாம் திட்டியே பழகிவிட்டோம். அவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தார்கள், ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் யார் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்? வாய் திறந்த பிறகுதான் கெட்டது. ஏதாவது மறைவான பாவம் இருந்திருக்கும் என்று யோபுவுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். நீங்கள் முதல் பாதியை மட்டும் செய்யுங்கள். மருந்துக் கடையில் வரிசையில் நில்லுங்கள், இரவில் துணைக்கு இருக்கிறவரை வீட்டுக்கு அனுப்பி அந்த நாற்காலியில் நீங்கள் இருங்கள், சாப்பாடு கொண்டுபோனால் பாத்திரம் திரும்ப வேண்டாத மாதிரி கொண்டுபோங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சுருக்கமாக ஜெபியுங்கள். "தேவ சித்தம்" என்ற வார்த்தையை அந்த வாரம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேட்ட விஷயம் உங்களோடு இருக்கட்டும். நம் ஜெபக்குழுக்களில் நடக்கிற அநியாயம் ஒன்று உண்டு: நண்பர் அழுதுகொண்டே சொன்னதை "ஜெபக்குறிப்பு" என்று சொல்லி முப்பது பேர் முன்னால் வைத்துவிடுவோம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இன்னும் மோசம். பேரைச் சொல்லாமல் அடையாளத்தை மட்டும் சொல்வதும் அதே கதைதான், ஊருக்குத் தெரியாதா? அவர் அனுமதி கொடுத்தாலொழிய ஜெபம் உங்கள் அறைக்குள்ளேயே நடக்கட்டும்.

இரண்டாம் இடம்

நண்பரின் துக்கத்தில் கூட நிற்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருடைய உயர்வில் கூட நிற்பது கடினம். அதுவும் நீங்கள் தூக்கிவிட்டவர் உங்களைத் தாண்டிப் போகும்போது.

நடபடிகள் 13-ஆம் அதிகாரம் பர்னபாவின் பேரை முதலில் சொல்லித் தொடங்குகிறது. சீப்புரு தீவைக் கடந்து அதிகாரம் முடிவதற்குள் பவுலின் பேர் முன்னால் வந்துவிடுகிறது. பர்னபா அதைப் பற்றி முணுமுணுத்ததாக ஒரு சொல்கூட இல்லை. உங்கள் நண்பர் உங்களைவிட நன்றாகப் பிரசங்கிக்கிறார், பாடுகிறார், சம்பாதிக்கிறார் என்றால் அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். "நான்தான் அவரைக் கொண்டுவந்தேன்" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

இவர்கள் இருவரும் பிற்பாடு சண்டை போட்டார்கள், மறைக்க வேண்டியதில்லை. முதல் பயணத்தில் பாதியில் விட்டுப் போன மாற்குவை மறுபடி கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா, கூடாது என்றார் பவுல். கடுமையான வாக்குவாதம். பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பலேறினார், பவுல் சீலாவோடு வேறு திசையில் போனார். யார் சரி என்று நடபடிகளை எழுதிய லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. எனக்கோ பர்னபா தான் ஏற்கெனவே செய்ததையே மறுபடி செய்ததாகத்தான் தோன்றுகிறது: யாரும் நம்பாத ஆளுக்குப் பேர் கொடுத்தார். மாற்கு அவருக்கு உறவினர் என்பதால் பாசமும் இருந்திருக்கும், இருக்கட்டுமே. கடைசிக் காலத்தில் பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பர்னபாவைப் பற்றியும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் மரியாதையோடுதான் பேசுகிறார். பிரிந்துபோன பிறகும் நண்பரின் பேரைக் கெடுக்காமல் இருக்க முடியும்; இருவருமே அதைச் செய்தார்கள்.

யோனத்தான் விட்டுப்போன வேலை

யோனத்தான் பட்டத்து இளவரசன். அவன் அப்பா சவுல் ராஜாவுக்குப் பிறகு (இது வேறு சவுல்) சிங்காசனம் அவனுடையது. தாவீதுக்குத் தன் சால்வை, பட்டயம், வில், கச்சை எல்லாம் கொடுத்தான். நண்பனுக்காகப் பரிந்து பேசியதால் அப்பனே அவன்மேல் ஈட்டி எறிந்தான். தாவீது சீப் வனாந்தரத்தில் ஒளிந்திருந்தபோது காட்டுக்கே போய், நீ ராஜாவாவாய், நான் உனக்கு இரண்டாவதாக இருப்பேன் என்று திடப்படுத்தினான். அந்த இரண்டாம் இடம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கில்போவா மலையில் போரில் செத்தான். அப்போது அவன் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது கீழே விழுந்து இரண்டு காலும் முடமாயின.

பல வருடம் கழித்து, ராஜாவான தாவீது, யோனத்தானின் நிமித்தம் நான் தயவு செய்ய யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று விசாரித்தான். புது ராஜா பழைய ராஜாவின் வாரிசைத் தேடுவது அந்தக் காலத்தில் பெரும்பாலும் கொல்வதற்குத்தான். மேவிபோசேத் லோதேபாரில் மாகீர் என்பவர் வீட்டில் இருந்தான். தாவீது அவனை வரவழைத்து, சவுலின் நிலங்களையெல்லாம் அவன் பேருக்குத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியில் ராஜகுமாரரில் ஒருவனாக உட்காரவைத்தான்.

அடக்க ஆராதனைக்கு நாம் எல்லோரும் போகிறோம். வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்து "எதுன்னாலும் சொல்லுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த அக்கா சொல்லமாட்டார். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. தாவீது யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை, தானே விசாரித்தான். இறந்துபோன உங்கள் நண்பர் ஒருவரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிள்ளைகள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள், ஜூன் மாதம் ஃபீஸ் யார் கட்டுகிறார்கள், மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் உதவி செய்ய ஆள் இருக்கிறதா, பையனுக்கு வேலைக்குச் சொல்லிவைக்க யாராவது உண்டா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த அத்தியாயத்தைப் பிறகு படிக்கலாம். அந்த வீட்டுக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.